சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? எரிபொருள் அழுத்தச் சொலினொயிட்டைச் சோதிக்கும், தற்காலிகமாகத் தவிர்க்கும் வழி

1990களில் வெளிவந்த பல ஜப்பானியப் பெற்றோல் கார்களில், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மனிஃபோல்டின் அருகிலோ எஞ்சின் அறையின் பின்சுவரிலோ மின்சாரத்தால் இயங்கும் ஒரு சிறிய கறுப்பு வால்வு பூட்டப்பட்டிருக்கும். இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள், இரண்டு வயர்கள், ஒரு முனையில் வட்டமான சிறு ஃபில்டர் மூடி. டொயோட்டாவில் இதை ஃபியூல் பிரஷர் அப் விஎஸ்வி என்பார்கள். மஸ்டாவில் பிஆர்சி சொலினொயிட். மிட்சுபிஷியில் ஃபியூல் பிரஷர் சொலினொயிட். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் கொழும்பில் பலரும் தங்கள் பழைய காரையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டினார்கள். இந்த வால்வின் மீது இரண்டு விதமான அநியாயம் நடப்பதை அதனால் அடிக்கடி பார்க்க முடிகிறது. சூட்டில் ஸ்டார்ட் ஆகாத எந்தக் காருக்கும் இதையே குற்றம் சாட்டிப் புதிதாக ஒன்று வாங்கச் சொல்வது ஒன்று. எதற்கென்றே பார்க்காமல் குழாயைப் பிடுங்கி, வாயைத் திருகாணியால் அடைத்துவிடுவது மற்றது. ஒரு மல்டிமீற்றரும் ஒரு முழம் ரப்பர் குழாயும் இருந்தால், அரை மணி நேரத்தில் உண்மையைக் கண்டுவிடலாம்.

வால்வு செய்யும் வேலை

தாங்கியிலுள்ள பம்ப் பெற்றோலை, அதை எஞ்சினுக்குள் பீச்சும் இஞ்சக்டர்கள் பொருந்திய குழாய்க்கு, அதாவது ஃபியூல் ரெயிலுக்கு, அனுப்புகிறது. ரெயிலின் முடிவில் உள்ள ரெகுலேற்றர் தேவைக்கு மேற்பட்டதை மீண்டும் தாங்கிக்குத் திருப்பிவிடுகிறது. ரெகுலேற்றரின் தலையில் ஒரு மெல்லிய வேக்கம் குழாய் இருக்கும். மனிஃபோல்டின் உறிஞ்சல் அதன் வழியாக உள்ளிருக்கும் சவ்வை இழுக்கும்போது ரெயிலின் அழுத்தம் குறைகிறது; உறிஞ்சல் இல்லாதபோது கூடுகிறது. பல டொயோட்டாக்களில் ஐட்லிங்கில் குழாய் பூட்டியிருக்கும்போது 30 முதல் 37 பிஎஸ்ஐ, கழற்றினால் 38 முதல் 44 பிஎஸ்ஐ. மற்றத் தயாரிப்புகளும் இதற்கு அருகிலேயே வரும்.

சொலினொயிட் அந்த வேக்கம் குழாயின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது மனிஃபோல்டையும் ரெகுலேற்றரையும் நேராக இணைத்துவிடுகிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு மின்சாரம் கொடுத்ததும் மனிஃபோல்ட் பக்கத்தை மூடி, ரெகுலேற்றரை ஃபில்டர் வழியாக வெளிக்காற்றுக்குத் திறக்கிறது. உடனே ரெயிலின் அழுத்தம் முழு அளவுக்கு ஏறும்.

ஈசியு இதைக் கேட்பது ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும்தான்: எஞ்சின் நன்றாகச் சூடாகி, நிறுத்தப்பட்டு, சற்று நேரத்தில் மீண்டும் ஸ்டார்ட் செய்யப்படும்போது. எஞ்சினை நிறுத்தியதும் கூலன்ட் சுற்றுவது நிற்கிறது, விசிறி நிற்கிறது, ஆனால் இரும்பின் சூடு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ரெயிலில் தேங்கிய பெற்றோல் அந்தச் சூட்டில் குமிழிவிடும். பெற்றோலின் இலகுவான பகுதிகள் சாதாரண அழுத்தத்தில் 40 பாகைக்கு முன்பே கொதிக்கத் தொடங்கிவிடுபவை. வெளியே 32 பாகை வெயில் அடிக்கும் ஊரில் பொனட்டுக்குள் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இஞ்சக்டர் திறக்கும்போது பெற்றோலுக்குப் பதில் ஆவி வந்தால் கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும். அழுத்தத்தைக் கூட்டினால் குமிழி அடங்கும். ஸ்டார்ட் ஆன பின் ஓரிரு நிமிடங்கள், காருக்குக் கார் சற்று வேறுபட்டு, இந்த நிலை நீடிக்கும். பிறகு வால்வு ஓய்ந்துவிடும். அடுத்த சூடான ஸ்டார்ட் வரை அதற்கு வேலை கிடையாது.

இந்த ஒரு பத்தியை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையா? இந்த வால்வு காரணமல்ல. அதிவேகப் பாதையில் இழுவை இல்லையா? அதுவும் இதுவல்ல.

உங்கள் காரில் இருக்கிறதா?

அக்சியோ, வாகன் ஆர் போன்ற பிந்திய கார்களில் ரெகுலேற்றர் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது. திரும்பும் குழாயும் இல்லை, இந்த வால்வும் இல்லை. 1990களின் கார்களிலும் எல்லா மாடலிலும் வைக்கவில்லை. பெயரைக் கேட்டுத் தேடாதீர்கள். ரெயிலின் முடிவில் ரெகுலேற்றரைக் கண்டுபிடித்து, அதன் தலையிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கையால் பின்தொடருங்கள். நேராக மனிஃபோல்டுக்குப் போனால் உங்கள் காரில் சொலினொயிட் இல்லை. நடுவே இரண்டு வயர் உள்ள வால்வு வந்தால் அதுதான். பொனட்டின் உட்புறத்தில் வேக்கம் குழாய்களின் வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும்; எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும் கோடுகள் புரியும்.

பக்கத்திலேயே இதே தோற்றத்தில் வேறு வால்வுகளும் இருக்கலாம்: புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆருக்கு ஒன்று, தாங்கியின் ஆவியை உறிஞ்சும் பேர்ஜ் வால்வு ஒன்று, ஏசி போடும்போது ஐட்லிங்கைக் கூட்ட ஒன்று. தவறான வால்வைக் கழற்றினால் புதிய நோயை உண்டாக்கிவிடுவீர்கள்.

டீசல் கார், வான் வைத்திருப்பவர்கள் இங்கே நின்றுவிடுங்கள். டொயோட்டா கேடிஎச் வான் போன்ற கொமன் ரெயில் டீசல்களின் உயரழுத்தப் பம்பில் உள்ள கட்டுப்பாட்டு வால்வு முற்றிலும் வேறானது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அதைத் தவிர்த்து ஓட்ட வழியே இல்லை. ஓடும்போது அந்தக் குழாயைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிலிண்டருக்குள் நேராகப் பெற்றோலைப் பீச்சும் எஞ்சின்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கைவைக்கும் முன்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளின் நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். திறந்த வெளிக்குக் காரைக் கொண்டுவாருங்கள். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேக்கம் குழாயை மட்டும் தொடுவதானால் ரெயிலின் அழுத்தத்தை இறக்கத் தேவையில்லை. அழுத்தமானி பொருத்த பெற்றோல் குழாயைத் திறப்பதானால், முதலில் பம்பின் ஃபியூஸைக் கழற்றி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், பின் பற்றரியின் எதிர் (மைனஸ்) முனையைக் கழற்றுங்கள், திறக்கும் இடத்தைத் துணியால் சுற்றிப் பிடியுங்கள்.

அறிகுறி: சூட்டில் நிறுத்திப் பத்து, இருபது நிமிடம் கழித்து நீளமாகச் சுற்றினால்தான் பிடிக்கிறது

காலையில் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது. பொரளையில் கடைக்குப் போய் வந்தால் ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றுகிறது. பிடித்த பின்னும் அரை நிமிடம் நடுங்குகிறது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. சொலினொயிட்டுக்கு உரிய உண்மையான அறிகுறி இதுதான். ஆனால் இதே அறிகுறியைத் தரும் வேறு காரணங்களும் உண்டு; அவற்றைப் பிரிப்பதே முழு வேலையும்.

காரை நன்றாக ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். ரெகுலேற்றரின் தலையிலுள்ள வேக்கம் குழாயைக் கழற்றி, கழற்றிய குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். குழாய் பூட்டியிருந்த ரெகுலேற்றரின் மூக்கைத் திறந்தே விடுங்கள். பதினைந்து நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சொலினொயிட் செய்ய வேண்டியதை இப்போது உங்கள் கை செய்திருக்கிறது. கார் உடனே பிடித்து நடுக்கமின்றி ஓடினால், பிழை சொலினொயிட்டிலோ அதன் வயரிலோ குழாயிலோதான். எந்த மாற்றமும் இல்லையென்றால் வால்வை மறந்துவிட்டு வேறு பக்கம் பாருங்கள்.

எந்தப் பக்கம்? அக்சிலேற்றரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பல ஈசியுக்கள் அப்போது பெற்றோலைக் குறைத்துவிடும். அப்படிச் செய்தால் பிடிக்கிறது, கறுப்புப் புகையும் வருகிறது என்றால் எஞ்சின் பெற்றோலில் மூழ்கியிருக்கிறது. இஞ்சக்டர் கசிகிறது, அல்லது கூலன்ட் வெப்ப உணரி பொய் சொல்கிறது. மாறாக, இக்னிஷனை இரண்டு மூன்று முறை போட்டு நிறுத்தி, பின் ஸ்டார்ட் செய்தால் பிடிக்கிறது என்றால், ரெயிலில் அழுத்தம் தங்குவதில்லை. இக்னிஷன் போட்டதும் ஓரிரு விநாடி பம்ப் ஓடும் கார்களுக்கே இந்தச் சோதனை பொருந்தும். அழுத்தமானி இருந்தால் சந்தேகமே வேண்டாம்: எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்தும் குறைந்தது 21 பிஎஸ்ஐ நிற்க வேண்டும் என்பது டொயோட்டா சொல்லும் அளவு. அதற்குக் கீழே விழுந்தால் பம்பின் திரும்பா வால்வு, கசியும் இஞ்சக்டர், ரெகுலேற்றர் ஆகிய மூன்றில் ஒன்று. இந்த மூன்றையும் விட்டுவிட்டுச் சொலினொயிட் வாங்குவது காசை வீதியில் கொட்டுவதுதான்.

சொலினொயிட்தான் என்று தெரிந்த பின்

கனெக்டரைக் கழற்றி, வால்வின் இரண்டு முனைகளுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் 30க்கும் 45க்கும் இடையில் வரும். மிட்சுபிஷியில் 36 முதல் 44 என்று கொடுத்திருக்கிறார்கள். இங்கே பலரும் அவசரப்படுகிறார்கள். கையேட்டின் எண் 20 பாகைக்கு உரியது. செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 20 பாகையில் 40 ஓம் உள்ள சுருள், 100 பாகைச் சூட்டில் 52 ஓம் காட்டும். அது நல்ல வால்வு. அதைத் தூக்கி எறியாதீர்கள். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்கு அருகே காட்டினால் குறுக்குச் சுற்று. குளிரில் சரியான அளவும் சூட்டில் முடிவிலியும் காட்டும் வால்வுகளும் உண்டு. கார் சூட்டில் மட்டும் முரண்டு பிடிப்பதால், சூடாக இருக்கும்போதும் ஒரு முறை அளந்தே ஆக வேண்டும்.

அடுத்து வயர். இக்னிஷன் போட்டதும் கனெக்டரின் ஒரு முனையில் பற்றரியின் அளவு வோல்ற் வர வேண்டும். மற்ற முனையை ஈசியு தரையோடு இணைத்து வால்வை இயக்குகிறது. அந்த இரண்டாவது வயரில் பற்றரி மின்சாரத்தை நேராகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஈசியுக்குள் இருக்கும் ட்ரான்சிஸ்ரர் வெந்துவிடும், பிறகு செலவு எங்கோ போய்விடும். வால்வைக் கழற்றி வெளியே வைத்துத்தான் 12 வோல்ற் கொடுக்க வேண்டும். டக் என்ற சத்தம் கேட்கும். சத்தம் மட்டும் போதாது. வாயால் ஊதிப் பாருங்கள். மின்சாரம் இல்லாதபோது இரண்டு மூக்குகளுக்கும் இடையே காற்று போக வேண்டும். மின்சாரம் கொடுத்ததும் ரெகுலேற்றர் மூக்கில் ஊதிய காற்று ஃபில்டர் வழியாக வெளியேற வேண்டும், மற்ற மூக்கு அடைபட வேண்டும்.

அந்த ஃபில்டர்தான் யாரும் பார்க்காத இடம். மூடிக்குள் ஒரு சிறு பஞ்சுத் துண்டு. முப்பது ஆண்டு எண்ணெய்ப் புகையும் கட்டட வேலைத் தூசியும் சேர்ந்து அது இறுகிப்போயிருந்தால், வால்வு சரியாகச் சொடுக்கினாலும் ரெகுலேற்றருக்குக் காற்று போகாது. மூடியை மெல்ல நெம்பித் திறந்து, பஞ்சைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். கடற்கரைப் பக்கம் நிற்கும் கார்களில் கனெக்டரின் முனைகளில் பச்சை பூத்திருக்கும். அதையும் சுத்தம் செய்யுங்கள். ஒரு சதமும் செலவில்லாமல் இந்த இரண்டினாலேயே சரியாகும் கார்கள் இருக்கின்றன.

அறிகுறி: சூடான ஸ்டார்ட்டுக்குப் பின் ஓரிரு நிமிடம் மட்டும் ஐட்லிங் ஏறி நிற்கிறது

எஞ்சினை இறக்கி ஏற்றிய கார்களில் வரும் பிழை. இரண்டு குழாய்களும் இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கும். வால்வு ஓய்வில் இருக்கும்போது இரண்டும் இணைந்தே இருப்பதால் எந்த வித்தியாசமும் தெரியாது. வால்வு இயங்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் மனிஃபோல்ட் ஃபில்டர் வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். ரெகுலேற்றர் பழைய உறிஞ்சலோடு அடைபட்டுக் கிடக்கும். அதாவது, அழுத்தம் கூட வேண்டிய நேரத்தில் கூடாது, காற்று வரக்கூடாத நேரத்தில் வரும். குழாய்களை மாற்றிப் பூட்டினால் தீர்ந்தது.

அறிகுறி: பெற்றோல் மணம், கறுப்புப் புகை, அதிகச் செலவு, புகைப் பரிசோதனையில் தோல்வி

எல்லாவற்றுக்கும் முன் ரெகுலேற்றரின் வேக்கம் குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். குழாய்க்குள் பெற்றோல் ஈரம் இருந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. பச்சைப் பெற்றோல் மனிஃபோல்டுக்குள் உறிஞ்சப்படுகிறது. சொலினொயிட் இயங்கினால் அதே பெற்றோல் ஃபில்டர் வழியாகச் சூடான எஞ்சின் மீது வரும். காரை ஓட்டாதீர்கள். ரெகுலேற்றரை மாற்றிய பிறகே மற்றப் பேச்சு.

குழாய் உலர்ந்திருந்தால், ஐட்லிங்கில் அதன் வாயில் விரல் வைத்துப் பாருங்கள். உறிஞ்சல் இல்லையென்றால் வால்வு வெளிக்காற்றுக்குத் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது குழாய் வெடித்திருக்கிறது. அழுத்தம் எப்போதும் உச்சத்திலேயே நிற்கும். ஐட்லிங்கில் மனிஃபோல்டின் உறிஞ்சலையும் சேர்த்தால், இஞ்சக்டரின் இரு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 3 கிலோவிலிருந்து 3.6 கிலோவுக்கு உயர்கிறது. பெற்றோலின் ஓட்டம் அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், கூடுதலாகப் போவது ஏறக்குறைய பத்து சதவீதம். ஒட்சிசன் உணரி நல்ல நிலையில் உள்ள காரில் ஈசியு இதைச் சரிக்கட்டிவிடும். நீங்கள் உணரவே மாட்டீர்கள். உணரி செத்துப்போன காரிலோ, அது இல்லாத காரிலோ அந்தப் பத்து சதவீதமும் புகைக்குழாய் வழியாக வெளியே வரும். புகைப் பரிசோதனையில் ஐட்லிங்கிலும் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலும் காபன் மொனொக்சைட், ஹைட்ரோகாபன் அளவுகளைப் பார்க்கிறார்கள். ஐட்லிங்கில்தான் மனிஃபோல்டின் உறிஞ்சல் வலுவாக இருக்கும் என்பதால், இந்தப் பிழை அங்கே முதலில் பிடிபடும்.

அறிகுறி: ஏற்றத்தில், முழு வேகத்தில் இழுவை இல்லை

சொலினொயிட் அல்ல. முழு மிதியில் மனிஃபோல்டில் உறிஞ்சலே கிடையாது. வால்வு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான். பம்பையும் பெற்றோல் ஃபில்டரையும் பாருங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் தாங்கியின் அடிவரை ஓட்டப்பட்ட, கான்களில் சேமித்த பெற்றோல் ஊற்றப்பட்ட கார்களில் இரண்டுமே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

அறிகுறி: செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, கார் நன்றாக ஓடுகிறது

சுருள் அறுந்ததையோ கனெக்டர் கழன்றதையோ ஈசியு கவனித்திருக்கலாம். மேலே சொன்ன ஓம், வோல்ற் சோதனைகளே போதும். பிழைக் குறியீட்டின் பொருளை உங்கள் தயாரிப்புக்கு உரிய பட்டியலில் மட்டும் பாருங்கள். பி1 என்று தொடங்கும் எண்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு பொருள் கொண்டவை.

தவிர்த்து ஓட்டுவது எப்படி

பொருள் கிடைக்கும்வரை வால்வைத் தவிர்த்து ஓட்டலாம். சரியான வழி ஒன்றுதான். மனிஃபோல்டிலிருந்து சொலினொயிட்டுக்கு வரும் குழாயையும், சொலினொயிட்டிலிருந்து ரெகுலேற்றருக்குப் போகும் குழாயையும் வால்வின் பக்கத்தில் கழற்றுங்கள். மனிஃபோல்டின் மூக்கிலிருந்து ரெகுலேற்றரின் மூக்குக்குப் புதிய வேக்கம் குழாய் ஒன்றை நேராகப் பூட்டுங்கள். உள்விட்டம் பழைய குழாயின் அளவே இருக்கட்டும். மடியாமல், எக்ஸோஸ்ட்டைத் தொடாமல் போகட்டும். கனெக்டரை வால்விலேயே விட்டுவிடுங்கள். சுருள் நல்லதாக இருந்தால் ஈசியு எதையும் அறியாது, விளக்கும் எரியாது. சுருள் அறுந்திருந்தால் விளக்கு எரியும், எரியட்டும். அதை அணைக்க ஒரு ரெசிஸ்ரரைப் பூட்டச் சொல்பவர்கள், 14 வோல்றில் 40 ஓம் ஏறக்குறைய 5 வாட் சூட்டைத் தரும் என்பதைச் சொல்வதில்லை. கடையில் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்ரர் அந்த இடத்தில் கருகிவிடும்.

இப்படிப் பூட்டிய கார் எல்லா நேரமும் சாதாரணமாக ஓடும். இழப்பது சூடான ஸ்டார்ட்டின் உதவியை மட்டும். குளிரான நுவரெலியாவில் அது பெரிய விடயமல்ல. நண்பகலில் பேஸ்லைன் வீதி நெரிசலில் கிடந்த காருக்கு அது தேவைப்படும். ஆகவே இதை நிரந்தரமாக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ரெகுலேற்றரின் மூக்கைத் திறந்து விட்டு ஓட்டுவது தவிர்ப்பு அல்ல. மேலே சொன்ன பத்து சதவீதம் நிரந்தரமாகிவிடும், தூசி சவ்வின் மீது போகும். மூக்கை அடைப்பதும் தவறு. டர்போ உள்ள எஞ்சின் என்றால் இன்னும் கவனம் தேவை: டர்போவின் அழுத்தம் அந்தக் குழாய் வழியாகத்தான் ரெகுலேற்றரை எட்டி ரெயிலின் அழுத்தத்தை உயர்த்துகிறது. குழாய் திறந்தோ அடைபட்டோ இருந்தால், பெற்றோல் அதிகம் வேண்டிய நேரத்தில் கலவை மெலிந்து பிஸ்டனே உருகலாம். சோதனைக்காகக் கழற்றிய குழாயைப் பூட்டாமல் டர்போ காரை வீதிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது

பழைய வால்வைக் கையோடு கொண்டுபோங்கள். உடலில் அச்சிட்ட இலக்கம், கனெக்டரின் வடிவம், மூக்குகளின் திசை மூன்றும் பொருந்த வேண்டும். ரீகண்டிஷன் வால்வுகள் குவியலாகக் கிடக்கும். ஒரே நிறத்தில், ஒரே அளவில் இருப்பவற்றில் ஓய்வில் மூடியிருக்கும் வகையும் உண்டு, அது இந்த வேலைக்கு ஆகாது. காசு கொடுக்கும் முன், கடையிலேயே ஊதிப் பாருங்கள்: மின்சாரம் இல்லாமல் இரண்டு மூக்குகளுக்கும் இடையே காற்று போக வேண்டும். பிறகு கடைக்காரரிடம் ஒரு பற்றரியைக் கேட்டு 12 வோல்ற் கொடுத்து மீண்டும் ஊதுங்கள். ஓம் அளவையும் எடுத்துவிடுங்கள். குழாய்களையும் புதிதாக வாங்குங்கள். பழையவை கழற்றும்போதே நுனியில் பிளந்திருக்கும்.

பூட்டிய பின், காரைச் சூடாக்கி நிறுத்திப் பதினைந்து நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே வால்வின் மீது ஒரு விரலை வைத்திருங்கள். ஓரிரு நிமிடத்தில் அது விடுபடும் சொடுக்கு விரலில் தெரியும்; அழுத்தமானி பூட்டியிருந்தால் அதே கணத்தில் முள் சில பிஎஸ்ஐ கீழிறங்கும்.